கைதியாக இறந்த மாவீரர்!

குட்டீஸ்... கபடி ஆடும்போது எதிரணிக்குள் தனியாகப் போன நண்பனை, ஐந்தாறு பேர் சேர்ந்து அமுக்கி விடுகின்றனர். அவனைக் கோழை என்று சொல்வீர்களா? மாட்டீர்கள்தானே!

போர்க்களத்தில் எதிரியிடம் பிடிபடும் வீரர்களும் அப்படித்தான். அப்படிப் பிடிபட்டு, எதிரி நாட்டின் காவலிலேயே உயிர் விட்ட ஒருவருக்கு, நம் நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டிருக்கிறது. அவர், சுபேதார் ஜோகிந்தர் சிங்.

பஞ்சாப் மாநிலத்தில், மோகா அருகேயுள்ள மாஹ்லா கலான் கிராமத்தில், 1921ல் பிறந்தவர். எளிய விவசாயக் குடும்பம். 1936ல் சீக்கிய ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்தார். ராணுவத்தில் நடக்கும் தேர்வுகளை எழுதித் தேறி, தன் படைப்பிரிவு வீரர்களுக்கே பாடம் சொல்லித் தரும் ஆசிரியராகவும் ஆனார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலும், 1947 - 48ல் காஷ்மீரிலும் போரிட்டார்.

1962 அக்டோபரில் இந்திய - சீனப் போர் மூண்டது. இன்றைய அருணாசல பிரதேசத்தின் தவாங் அருகே, பும் லா கணவாய்ப் பாதையைக் காக்கும் பொறுப்பு இவரது சிறிய படைக்கு வந்தது. சுமார் 15 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது அந்தக் கணவாய். எலும்பை உறைய வைக்கும் குளிர்! போதிய குண்டுகளும் இல்லை.

அக்டோபர் 23, அதிகாலை. ஒவ்வொரு அணியிலும் ஏறக்குறைய 200 பேர் என, சீன வீரர்கள் அலை அலையாக வந்தனர். முதல் அலை முறியடிக்கப்பட்டது. இரண்டாவதும் முறியடிக்கப்பட்டது. ஆனால், நம் வீரர்களில் பாதிப் பேர் வீழ்ந்து விட்டனர். ஜோகிந்தர் சிங்கின் தொடையிலும் குண்டு பாய்ந்திருந்தது. 'சிகிச்சைக்குப் பின்னால் போங்கள்' என்றதற்கு, அவர் மறுத்துவிட்டார்.

மூன்றாவது அலை வந்தபோது, இயந்திரத் துப்பாக்கியைத் தானே பிடித்துச் சுட்டார். குண்டுகள் தீர்ந்து போயின. மிஞ்சியிருந்த சிலரும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக் கொண்டு, பதுங்கு குழியை விட்டு வெளியே பாய்ந்தனர்! கடைசியில், படுகாயத்துடன் ஜோகிந்தர் சிங் பிடிபட்டார். அந்தக் காயங்களாலேயே, சீனக் காவலில் போர்க்கைதியாக இறந்தார்.

எதிரியிடம் பிடிபட்டவருக்கு உரிமை உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு! 1949ல் உருவான ஜெனிவா ஒப்பந்தம் அதைச் சொல்கிறது. கைதியைத் துன்புறுத்தக் கூடாது. காயம்பட்டிருந்தால் வைத்தியம் பார்க்க வேண்டும். விசாரிக்கும்போது பெயர், பதவி, பிறந்த தேதி, ராணுவ எண் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் அவர் சொல்லத் தேவையில்லை. இறந்து விட்டால், மரியாதையுடன் இறுதிச் சடங்கு செய்ய வேண்டும்.

கைதானவரின் குடும்பம் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். அவர் இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாது. அதே போரில், லடாக்கில் போரிட்ட மேஜர் தன்சிங் தாப்பா இறந்து விட்டதாகவே எல்லாரும் நம்பினர். பரம்வீர் சக்ராவும் அறிவிக்கப்பட்டது. ஆனால், அவர் போர்க்கைதியாக உயிரோடு இருந்தார். 1963 மே மாதம் நாடு திரும்பினார்!

அதே மே மாதம் 17ம் தேதி, ஜோகிந்தர் சிங்கும் திரும்பினார்... அஸ்தியாக. அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டதை அறிந்த சீனா, முழு ராணுவ மரியாதையுடன் அஸ்தியை அனுப்பி வைத்தது. எதிர்த்துப் போரிட்டவர்களே அவரது வீரத்துக்குத் தலை வணங்கினர்!

இன்று மோகாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரில் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு, 2023 ஜனவரி 23ல் பரம்வீர் சக்ரா பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அதில் ஒன்று இவருடையது. இன்னொன்று, உயிரோடு திரும்பிய தாப்பாவுடையது.

குட்டீஸ்... வெற்றி பெற்று வந்தவர்களுக்கு மாலை போட ஆயிரம் பேர் இருப்பர். திரும்பி வராதவர்களுக்கு நம் நினைவுதான் மாலை. வரும் அக்டோபர் 23ம் தேதி, உங்கள் வகுப்பு நண்பர்களுக்கு இந்த வீரரின் கதையைச் சொல்லுங்கள்!