ஊரி குளறுகிறது

ரொறொன்ரோவிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான், கல்லடிக் கடற்கரையில் கச்சான் கொறித்தபடி ஹவாய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மாலை வெயில் சாயும் நேரம் கடலைப் பார்த்துப் போட்ட நீள மேசைகள், கழுத்தில் பூமாலை, மண்ணுக்குள் புதைத்து வேகவைத்த முழுப் பன்றி. சூரியன் கடலுக்குள் இறங்கியதும் மேளம் கொட்ட ஹூலா ஆட்டம், கடைசியில் ஒருவன் தீப்பந்தத்தைச் சுழற்றி வித்தை காட்டினானாம். அதற்கு லூவாவ் என்று பெயர். தலைக்கு நூற்றுச் சொச்சம் டொலர்.

"இஞ்ச அப்படி ஒண்டும் இல்லையா மச்சான்?"

"இரிக்கு. ஆனா நேரத்த நாம வைக்கேலாது" என்றேன்.

லூவாவ் என்பது முதலில் விருந்தின் பெயரல்ல, ஓர் இலையின் பெயர். நம் ஊரில் வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும் கேட்பாரற்று நிற்கும் சேம்பின் இளம் இலை. அதைத் தேங்காய்ப்பாலில் போட்டு நெடுநேரம் வேகவைத்த கறி அந்த விருந்தில் தவறாமல் இருந்ததால், கறியின் பெயர் பந்திக்கே ஒட்டிக்கொண்டது. நெடுநேரம் வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. சேம்புக்குள் கல்சியம் ஒக்சலேற்று ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. அரைவேக்காட்டில் தின்றவன் தொண்டையைச் சொறிய முடியாமல் தவிப்பான். எல்லோரும் சேர்ந்து அமரும் பந்தியும் பிறகு வந்ததுதான்: 1819 வரை ஹவாயில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காரக் கூடாது. அந்த ஆண்டு இரண்டாம் கமேஹமேஹா அரசன் பெண்களோடு அமர்ந்து சாப்பிட்டான், அத்தோடு பழைய விலக்குகள் உடைந்தன. தீப்பந்த ஆட்டம்கூட ஹவாயின் சொந்தச் சரக்கல்ல, சமோவாத் தீவுகளிலிருந்து வந்தது. இதையெல்லாம் சொன்னபோது மச்சானுக்கு முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது. கொடுத்த டொலர் நினைவுக்கு வந்திருக்கும்.

நம்முடைய காட்சிக்குப் போயா நாள், அதாவது பௌர்ணமி, வேண்டும். போயா என்றால் மதுக்கடையும் பூட்டு, இறைச்சிக்கடையும் பூட்டு. ஆகவே பன்றி கிடையாது. பிட்டும் இறால் கறியும், முடித்துவைக்க எருமைத் தயிரும்தான்.

கல்லடி ஒரு மணல் நாக்கு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இடையில் தெருக்களும் தென்னைகளும். பௌர்ணமியன்று சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் பூமி நிற்கிறது. ஒன்று மேற்கே இறங்கும் நேரத்தில்தான் மற்றது கிழக்கே ஏற முடியும். ஹவாயில் விருந்து வைப்பவர் மேற்குப் பார்த்த கரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவருக்குச் சூரியன் மட்டும் கிடைக்கும். இங்கே ஆறேகால், ஆறரைக்கு வாவிக்கரையில் நின்று சூரியனை அனுப்பிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தால் தண்ணீரிலிருந்து நிலா எழும்பிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் வந்தால் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திவிடும். அதனால்தான் நேரத்தை நாம் வைக்க முடியாது என்றேன்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடும் அந்த நொடியில், கணக்குப்படி பார்த்தால், அது ஏறக்குறைய முழுவதுமாகவே கீழே போய்விட்டது. தரையை ஒட்டிய அடர்ந்த காற்று ஒளியை வளைத்து, அரைப் பாகைக்குச் சற்று மேலாக உயர்த்திக் காட்டுகிறது. சூரிய வட்டத்தின் அகலமும் அரைப் பாகைதான். கிழக்கே நிலாவும் அப்படித்தான், உண்மையில் எழும்புவதற்கு முன்பே நமக்குத் தெரிகிறது. கடற்கரையில் மச்சான் படம் எடுத்துக்கொண்டிருந்தது, இன்னும் எழும்பாத நிலாவை.

சூரியனும் நிலாவும் முன்னுரைதான். கச்சேரி வாவிக்குள் இருக்கிறது.

"மீன் பாடும் தேனாடு" என்று சொல்லாத மட்டக்களப்பான் இல்லை. ஊருக்குள் நுழைந்தால் பலகைகளில் கடற்கன்னி யாழோ வீணையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையிலான நிலாக்கால இரவுகளில் தண்ணீருக்கடியிலிருந்து இசை கேட்கும் என்பது கதை. கதையா, உண்மையா?

முதலில் சாட்சியைப் பார்ப்போம். 1848 செப்டெம்பரில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் மட்டக்களப்புக்கு வந்தார். நிலா ஏறியதும் மீனவர்களோடு தோணியில் போனார். ஒல்லாந்தர் கோட்டை வாசலின் துறையிலிருந்து ஏறத்தாழ 200 யார் தூரம். காற்று அசையவில்லை. அவர் கேட்டது ஒற்றைச் சுரம் அல்ல, எண்ணற்ற சின்னச் சின்ன ஒலிகள். மேல்ஸ்தாயியும் மந்தரமும் கலந்து, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போல இருந்தது என்று எழுதிவைத்தார். காதைத் தோணியின் மரத்தில் வைத்தபோது ஒலி பலமடங்கு கூடியது. சில இடங்களை விட்டு விலகினால் அடியோடு நின்றது, திரும்பி வந்தால் மறுபடி கேட்டது.

இந்தச் சின்ன விபரங்களை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கிறது.

பாடுவது எது என்று ரெனன்ட் கேட்டதற்கு மீனவர்கள் மீனைக் காட்டவில்லை. சிப்பியினத்தைக் காட்டினார்கள், உயிரோடு பிடித்தும் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன பெயரை அவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார்: 'ஊரி கூலீரூ க்ராடூ'. நாக்கில் ஒருதரம் உருட்டிப் பாருங்கள். ஊரி குளறுகிறது! நான் அப்படித்தான் வாசிக்கிறேன். பிள்ளை விழுந்தால் குளறும், இழவு வீட்டில் குளறுவார்கள், அதே குளறல். அவரும் 'அழும் சிப்பி' என்றே பொருள் எழுதினார். மீனவர் வாயில் அது பாட்டும் இல்லை, மீனும் இல்லை. பாட்டாக்கியதும் மீனாக்கியதும் கரையில் நின்றவர்களின் கைங்கரியம் என்பது என் ஊகம்.

ஆனால் ஊரி குளறுமா? ஊரி என்பது சேற்றில் ஊரும் ஓட்டு நத்தையினம்; அதற்கு நீண்ட சுரம் எழுப்பும் உறுப்பு எதுவும் இல்லை. மீனுக்கு இருக்கிறது. வயிற்றுக்குள் காற்றுப்பை, அதன் இரு பக்கமும் ஒட்டிய தசை. தசை சுருங்கி விரிந்தால் பை மத்தளம்போல் அதிரும். தமிழ்க்கரை மீனவர்கள் கீச்சான் என்று பெயர் வைத்த மீன் பிடிபட்டதும் கீச்சிடுவது இந்தப் பையால்தான். பேத்தை போன்ற தலையும் தவளை வாயுமாகச் சேற்றில் கிடக்கும் தவளைமீன் இனத்தில் இந்தத் தசை, முதுகெலும்புள்ள விலங்குகளில் மிக வேகமான தசைகளில் ஒன்று.

1980களில் கலிபோர்னியாவில், சவுசலிற்றோ என்ற ஊரின் மிதக்கும் வீடுகளில் இருந்தவர்கள் இராத் தூக்கம் கெட்டு அலறினார்கள். ஏதோ பெரிய இயந்திரம் உறுமுகிறது என்று சந்தேகம். கடைசியில் பிடிபட்டது தவளைமீன் குடும்பத்தில் ஒரு சாண் மீன். ஆண் மீன் கல்லுக்கடியில் கூடமைத்து, பெண்ணை அழைக்கச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 அதிர்வில் ஒரே மூச்சில் ஒரு மணிநேரம்கூட முனகும். வீட்டின் அடிப்பலகை அந்த முனகலை வாங்கி அறைக்குள் பெருக்கிவிட்டது. பெண்ணின் காதோ இனப்பெருக்கக் காலத்தில் அந்தக் குரலுக்கென்றே கூர்மையாகிவிடுகிறது.

பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் இரண்டு ஆண்கள் முனகினால் இன்னொரு வேடிக்கை. ஒன்று 100, மற்றது 102 என்றால், காதுக்குச் செக்கனுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் அலைவு கேட்கும். தம்புராவில் சுருதி சேரச் சேர இரண்டு தந்திகளுக்கு நடுவே ஒரு 'வவ்வவ்' வந்து மெதுவாக அடங்குமே, அதுதான். நாலைந்து மீன் சேர்ந்தால் அது கண்ணாடிக் கிண்ணம்போலக் கேட்பதில் அதிசயம் இல்லை.

மட்டக்களப்பில் பாடுவது இதே இனம் என்று சொல்லிவிட முடியாது. வாவியின் பாடகரை யாரும் கையோடு பிடித்து நிரூபிக்கவில்லை. ஆனால் ரெனன்ட் குறித்த விபரங்கள் ஒவ்வொன்றும் இயற்பியலுக்குச் சரியாக உட்காருகின்றன.

தண்ணீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை முட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் தப்பும். மிச்சம் கண்ணாடியில் பட்ட வெளிச்சம்போல உள்ளேயே திரும்பிவிடும். தண்ணீரும் காற்றும் ஒலிக்கு அவ்வளவு அந்நியம். மரமோ அப்படியில்லை. நார் ஓட்டத்தின் வழியே பார்த்தால் மரம் ஒலிக்குத் தண்ணீரின் சொந்தக்காரன் மாதிரி. ஆகவே துடுப்பின் ஒரு நுனி தண்ணீரில், மறுநுனி காதில். கல்லடித் தோணிக்காரர்களின் பழைய உத்தி இது.

மற்றது, இடத்தை விட்டு விலகினால் ஒலி நிற்பது. 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் தண்ணீரில் 15 மீற்றர். வாவியின் ஆழம் இரண்டு மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளத்தின் கால்பங்குகூட இல்லாத ஆழத்தில் அந்த ஒலி ஓட முடியாது; குறுகிய ஒழுங்கையில் பஸ் திருப்புவது போல. எழுந்த இடத்தைச் சுற்றிச் சில மீற்றருக்குள்ளேயே அது செத்துவிடும். சரியாக மேலே போய் நின்றவனுக்குத்தான் கேட்கும். "அந்த இடம் தெரியவேணும்" என்று தோணிக்காரர்கள் சொல்வதில் மர்மம் ஒன்றும் இல்லை.

நிலா எதற்கு? சில மீன்கள் நிலவின் வளர்ச்சி தேய்வோடு முட்டையிடும் காலத்தை ஒட்டிவைத்திருப்பது உண்மை. ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம்: அமாவாசை இருட்டில் கச்சேரி கேட்கத் தோணியில் போனவர் எத்தனை பேர்? சித்திரை முதல் புரட்டாதி வரை என்பதற்கும் மழை இல்லாததே பாதிக் காரணமாயிருக்கும். மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டுப்பட்டு நீர் கலங்கிக் கிடக்கும்போது வாவிக்குள் காது வைக்க யார் போவார்?

1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இந்த ஒலியைப் பதிவு செய்தார். பிறகு அது இலங்கை வானொலியிலும் போனது. அதற்கு முன்பே விபுலானந்த அடிகள் இந்த வாவியின் இசையை வைத்து 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' எழுதிவிட்டார். பழந்தமிழ் யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து, 1947இல் யாழ் நூலாக வெளியிட்ட மனிதர். அவர் துயில்வதும் கல்லடியில்தான், தண்ணீருக்கு அதிக தூரமில்லை.

அன்று நாங்கள் போனது பிட்டுச் சாப்பிட்ட பிறகு, பத்து மணியளவில். பகலெல்லாம் வீசிய கச்சான் விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் கச்சான் என்றால் கொறிக்கிற கடலை, மேற்கு மலையைத் தாண்டி இறங்கி உலர்ந்து சுடுகிற காற்றும் கச்சான்தான். ஒன்று முடிய மற்றதும் முடிந்திருந்தது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கம் பக்கமாக நின்றன. புதியதில் மோட்டர் சைக்கிள் போகும்போதெல்லாம் தூண் வழியே தண்ணீருக்குள் ஓர் இரைச்சல் இறங்கியது. மச்சான் கலிபோர்னியா மீனைப் பற்றி ஏதோ கேட்கத் தொடங்கினான்.

"மறுகா பேசலாம் தம்பி" என்றார் தோணிக்காரர். "காதத் துடுப்புல வைங்க."

வைத்தேன். முதலில் பொரிவு. தாச்சியில் சூடான எண்ணெயில் கடுகு போட்டது போல, வாவி முழுதும். அது சுடும் இறால். ஒற்றைக் கொடுக்கை அடித்து மூடும் வேகத்தில் பிறக்கிற நீர்க்குமிழி உடைகிற சத்தம். பொரிவுக்குக் கீழே வேறெதுவும் இல்லை என்று நினைத்த நேரம் தோணிக்காரர் இரண்டு தள்ளுத் தள்ளினார். அப்போது வந்தது. பாட்டென்று சொல்ல மாட்டேன். மூடிய அறைக்குள் யாரோ வாயைத் திறக்காமல் சுருதி பிடித்துப் பார்ப்பது போல ஒன்று, நின்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தலையைத் தூக்கினால் வெறும் நிலாவும் தண்ணீரும். குனிந்தால் மறுபடி.

மச்சானிடம் துடுப்பைக் கொடுத்தேன். அவன் ஒரு கையால் அதைக் காதில் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பதிவு செய்தான். கரைக்கு வந்து போட்டுப் பார்த்தோம். துடுப்பு பலகையில் இடிக்கும் சத்தம், தூரத்தில் ஒரு மோட்டர் சைக்கிள், அப்புறம் அவனுடைய குரல்: "மச்சான், கேக்குதடா!"