ரிவர்ஸ் கேமரா மக்கர் செய்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவுக்குக் காரில் போனவர்களுக்குத் தெரியும். செராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் யார் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே காரைப் பின்னோக்கி எடுக்கும்போது பலரும் நம்புவது முன்னாலுள்ள சின்னத் திரையைத்தான். ஆனால், அதில் படம் மங்கினால் மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம்.

காருக்குப் பின்னால், கண்ணாடிகளுக்கு எட்டாத இடத்தில் நிற்கும் குழந்தை ஓட்டுநருக்குத் தெரியாது. அப்படி நேர்ந்த மரணங்களே அமெரிக்காவில் 2008ல் ஒரு சட்டம் வரக் காரணம். அங்கே 2018 மே மாதம் முதல் புதிய கார்களில் இந்தக் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வரவேண்டும் என்பதும் விதி. உங்கள் காருக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கோளாறு என்பதைப் பெரும்பாலும் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

மங்கலாக இருந்தால்: முதலில் லென்சைத் தண்ணீர் தொட்ட மென்மையான துணியால் துடையுங்கள். துடைத்தும் பனிபோல் படிந்திருந்தால் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் இது சகஜம். பெரும்பாலும் கேமராவை மாற்றவேண்டி வரும்.

விட்டு விட்டு வந்தால்: காரின் பின்மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே செல்லும் ஒயர் வளைகிறது. மூடியை மூடிய பிறகு படம் போவதும் வருவதுமாக இருந்தால் அந்த ஒயரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

படமே இல்லையென்றால்: பின்னர் பொருத்திய கேமராக்கள் பெரும்பாலும் ரிவர்ஸ் விளக்கின் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும். விளக்கும் எரியவில்லையா? ஃபியூசைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடம் வலமாக மாறியிருந்தால்: இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் படம் தெளிவாகவே இருக்கும். காரை நிறுத்தி, பின்னால் இடப்பக்கம் ஒரு குடையை வையுங்கள். திரையிலும் அது இடப்பக்கமே தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் கேமராவின் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும்.

பட்டறைக்குப் போகுமுன் கோளாறான படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகா, கார் கழுவிய பிறகா என்பதையும் சொல்லுங்கள். ஒயர் பழுதுக்குத் திரையையே மாற்றும் செலவு மிச்சமாகும். உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் முதலில் வாங்கிய இடத்திலேயே கேளுங்கள்.

பழுது நீங்கும்வரை, காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். கண்ணாடிகளைப் பார்த்து, தலையையும் திருப்பிப் பாருங்கள். நல்ல கேமரா இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடவேண்டாம்.