சொந்தக் காலில் நிற்கும் சில்லு

"உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன?" என்று யாரேனும் கேட்டால், ஒன்று என்றோ இரண்டு என்றோ விடை சொல்லுவோம். கைப்பேசிகளையும் கணக்கில் சேர்த்தால் ஐந்தோ ஆறோ ஆகலாம். உண்மைக் கணக்கு அதுவன்று. துணி துவைக்கும் யந்திரத்துக்குள் ஒன்று இருக்கிறது; இண்டக்ஷன் அடுப்புக்குள் ஒன்று; சுவரில் மாட்டியிருக்கும் மின்சார மீட்டருக்குள் ஒன்று; மின்விசிறியின் ரிமோட்டுக்குள்ளும் ஒன்று. இப்படி நாம் அறியாமலே பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் நம்முடன் குடித்தனம் செய்து வருகின்றன. அவற்றுக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. தொழிற்சாலையில் ஒருமுறை கட்டளைகளை உள்ளே ஏற்றி அனுப்பினார்கள். அன்று முதல், மின்சாரம் கிடைத்த போதெல்லாம் அந்தக் கட்டளைகளை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்து வருகின்றன. மைக்ரோ கண்ட்ரோலர் என்பது இந்த ஜாதிச் சில்லுக்குப் பெயர். உள்ளே ஏற்றப்படும் கட்டளைத் தொகுதியைத் தமிழில் நிரல் என்று வழங்குகிறோம்.

இந்தச் சமாசாரம் இப்போது பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது. மத்திய சர்க்காரின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-ஆம் வருஷம் தொடங்கிய திட்டத்தில் நாடெங்கும் பதினாயிரம் பள்ளிகளில் சோதனைக் கூடங்கள் ஏற்பட்டன. ஐந்து வருஷங்களில் இன்னும் 50,000 கூடங்களை அரசாங்கப் பள்ளிகளில் அமைப்போம் என்று 2025-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். பெரும்பாலும் இக்கூடங்களில் குழந்தைகள் முதன்முதலாகக் கையில் எடுப்பது அர்டுயினோ என்னும் நீல நிறப் பலகையைத்தான். இத்தாலி தேசத்து ஐவ்ரியா நகரில், 2005-ஆம் வருஷம், மின்சார சாஸ்திரம் படிக்காத கலை மாணவர்களும் கையாளட்டும் என்ற நோக்கத்துடன் பிறந்தது அது. பலகையைக் கம்ப்யூட்டருடன் ஒரு கம்பியால் இணைத்து, திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால், விளக்கு மினுக்குகிறது, மோட்டார் சுழல்கிறது. குழந்தைகள் கை தட்டுகிறார்கள். பெற்றோர்கள் படம் பிடிக்கிறார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் கண்காட்சி முடிந்ததும் நடப்பது என்ன? இருக்கிற பலகைகள் நாலு. அடுத்த வகுப்புக்கு அவை வேண்டும். ஆகையால், பாத்திகளுக்குத் தானே நீர் பாய்ச்சிய யந்திரம் பிரிக்கப்படுகிறது. பலகை போன பின் அந்த யந்திரம் வெறும் குழாயும் அட்டையுமே. ஒரு மாதம் பாடுபட்ட பையன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். "உன் நிரல் எங்கே இருந்தது?" என்று அவனைக் கேட்டால், "கம்ப்யூட்டரில்" என்பான், சிறிது யோசித்துவிட்டு, "பலகையில்" என்பான். இரண்டும் தவறு. பலகையின் நடுவே, 28 கால்களுடன் கறுப்பு மரவட்டையைப் போல் படுத்திருக்கிறதே, அந்த ஒரே ஒரு சில்லில்தான் நிரல் முழுவதும் இருக்கிறது. மற்றவையெல்லாம் கட்டடம் எழும்புகிறவரை கட்டி நிற்கும் சாரம். சாரத்தை அவிழ்த்து அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், கட்டடம் நிற்கும்.

அந்தச் சில்லுக்கு அட்மெகா 328பி என்று பெயர். இதன் குலம் நார்வே தேசத்தைச் சேர்ந்தது. டிரான்ட்ஹைம் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களாயிருந்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லான் என்ற இருவர் வகுத்த அமைப்பு அது. அமெரிக்காவின் அட்மெல் கம்பெனி அதை வாங்கி, 1990-களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2016-ல் அட்மெல்லையே மைக்ரோசிப் என்ற மற்றொரு கம்பெனி வாங்கிக்கொண்டது.

சில்லுக்குள் மூன்று விதமான நினைவகங்கள் உண்டு. நிரல் தங்குவதற்கு 32 கிலோபைட். அதற்கு ஃப்ளாஷ் என்று பெயர். ஓடும்போது கணக்குப் போட்டுப் பார்க்கும் சிலேட்டுப் பலகையாக 2 கிலோபைட். மின்சாரம் நின்றால் இது அழிந்து போகும். மறக்கக்கூடாத சில எண்களைக் குறித்து வைக்க 1 கிலோபைட். நம் கைப்பேசி எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படத்துக்குக்கூட இந்த மூன்றும் சேர்ந்து இடம் போதாது! ஆனால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதற்கு இதில் பாதியும் வேண்டியதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் உள்ள முக்கியமான பேதம் இங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு நிரலை ஓட்டினால், அது சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டு, தற்காலிக நினைவகத்தில் வைக்கப்பட்டு, பிறகு ஓடும். முடிந்ததும் மேலதிகாரி போல் உட்கார்ந்திருக்கும் இயங்குதளத்திடம் பொறுப்பைத் திருப்பித் தந்துவிட்டு விலகும். நம் சில்லில் மேலதிகாரி யாரும் இல்லை. நிரல் ஃப்ளாஷில் எங்கே எழுதப்பட்டதோ அங்கிருந்தபடியே, ஒவ்வொரு கட்டளையாக, ஓடுகிறது. முடிந்தபின் திரும்பிப் போவதற்கு இடமில்லை. ஆகவேதான் இதற்கு எழுதும் நிரலில் கடைசிப் பகுதி எப்போதும் முடிவில்லாத சுழலாக அமைந்திருக்கும். செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் "மண் உலர்ந்ததா? தண்ணீர் விடவேண்டுமா?" என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை எழுதிய நிரலை மாற்றுவது முன்பெல்லாம் பெரும்பாடாக இருந்தது. பழைய சில்லுகளில் சிலவற்றின் முதுகில் ஒரு சிறு படிகக் கண்ணாடி ஜன்னல் வைத்திருப்பார்கள். புற ஊதா விளக்கின் அடியில் பல நிமிஷங்கள் வைத்துப் பழைய நிரலை அழித்த பிறகே புதியதை எழுத முடியும். மறுபடி வெளிச்சம் படாதிருக்க ஜன்னல்மேல் ஒரு காகிதத்தை ஒட்டுவார்கள். இன்னும் சில சில்லுகளில் நிரலைச் செய்யும்போதே பொறித்து விடுவார்கள். அதில் ஒரு பிழை இருந்தால் ஆயிரக்கணக்கான சில்லுகளும் குப்பைக்கூடைக்குத்தான். ஃப்ளாஷ் வந்த பின் இந்தத் தொல்லை ஒழிந்தது. நம் சில்லில் குறைந்தது 10,000 முறை அழித்து எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லுகிறார். நாளைக்குப் பத்து முறை எழுதினாலும் இரண்டரை வருஷத்துக்கு மேல் வரும்.

இனி, நிரல் எவ்வாறு உள்ளே போகிறது என்று பார்ப்போம். நாம் எழுதுவது மனிதருக்குப் புரியும் பாஷை. கம்ப்யூட்டரில் உள்ள மொழிபெயர்ப்பாளன் அதைச் சில்லுக்குப் புரியும் எண்களாக மாற்றி, வரி வரியாக ஒரு கோப்பில் வைக்கிறான். இந்தக் கோப்பின் அமைப்பில் ஓர் அழகு உண்டு. ஒவ்வொரு வரியிலும் முதலில் இந்த வரியில் எத்தனை எண்கள் என்பது; பிறகு எந்த விலாசத்தில் வைக்க வேண்டும் என்பது; பிறகு வரியின் வகை; பிறகு சரக்கு; கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். வரியிலுள்ள எல்லா எண்களையும் சரிபார்ப்பு எண்ணோடு கூட்டினால், 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். "கோப்பு முடிந்தது" என்று சொல்லும் வரியில், வகையைக் குறிக்கும் 1-ஐத் தவிர மற்றவை பூஜ்யம். ஆகவே அதன் சரிபார்ப்பு எண் 255. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் போட்டுக் காட்டக்கூடிய கணக்குத்தான்.

இந்தக் கோப்பைச் சில்லுக்குள் ஏற்ற இரண்டு வழிகள் இருக்கின்றன. அர்டுயினோ பலகையில் நடப்பது முதல் வழி. ஃப்ளாஷின் கோடியில் பூட்லோடர் என்ற ஒரு சிறு நிரலை முன்கூட்டியே குடியேற்றியிருக்கிறார்கள். ஊனோ பலகையில் அது பிடிக்கும் இடம் 512 பைட்தான். ரீசெட் ஆனதும் இந்த வாயிற்காவலன் முதலில் விழித்துக்கொண்டு, கம்பி வழியே யாராவது கூப்பிடுகிறார்களா என்று ஏறக்குறைய ஒரு விநாடி காது கொடுத்துக் கேட்கிறான். புது நிரல் வந்தால் வாங்கி ஃப்ளாஷில் எழுதுகிறான். யாரும் கூப்பிடாவிட்டால், இருக்கிற நிரலின் முதல் விலாசத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். இரண்டாவது வழியில் இந்தக் காவலனே வேண்டியதில்லை. சில்லின் 17, 18, 19-ஆம் கால்களையும் ரீசெட் காலாகிய 1-ஆம் காலையும் மின்சாரக் கம்பிகளையும் ஓர் எழுதுகருவியுடன் இணைத்து நேராகவே ஃப்ளாஷில் எழுதலாம். எழுதுகருவி தனியாக வாங்கவேண்டும் என்பதுகூட இல்லை. இன்னொரு ஊனோ பலகையையே அந்த வேலைக்கு அமர்த்தலாம். அதற்கான நிரல் அர்டுயினோ மென்பொருளுடன் உதாரணமாகவே தரப்பட்டிருக்கிறது. கடையில் வெறும் சில்லாக வாங்கி வருவதற்குள் பூட்லோடர் இராது என்பதால், இந்த இரண்டாவது வழியை அறிந்திருப்பது அவசியம்.

சாரத்தை அவிழ்ப்பது எப்படி? ஊனோவின் மூன்றாம் பதிப்பில், சில்லு சாக்கெட்டில் செருகியிருக்கும் வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பற்றவைத்த வகையும் உண்டு. அதை எடுக்க முடியாது. 2023-ல் வந்த நான்காம் பதிப்பில் இருப்பதோ வேறு சில்லு. நிரலை ஏற்றி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தட்டை ஸ்குரூ டிரைவரால் இரு முனைகளிலும் மாற்றி மாற்றி மெல்ல நெம்பினால் சில்லு கையோடு வரும். ஒரு பக்கமாகவே நெம்பினால் கால்கள் வளையும். அதைப் பிரெட்போர்டு என்னும் துளைப் பலகையில் பதித்துக்கொள்ளலாம். அரைவட்டப் பள்ளம் மேலே இருக்கும்படி வைத்தால், இடப்புறம் முதலில் இருப்பது 1-ஆம் கால். அங்கிருந்து கீழே இறங்கி, வலப்புறம் மேலே ஏறி, 28 வரை எண்ண வேண்டும். 7-க்கும் 20-க்கும் 5 வோல்ட். பழைய கைப்பேசி சார்ஜர் ஒன்று இதற்குப் போதும். 8-ம் 22-ம் தரைக்கம்பி. 9-க்கும் 10-க்கும் நடுவே 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல். அந்த இரண்டு கால்களிலிருந்தும் தரைக்கு 22 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒவ்வொன்று. 1-ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7-க்கும் 8-க்கும் இடையே, சில்லை ஒட்டினாற்போல், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பலகையில் 13 என்று அச்சிட்டிருந்த இடம் சில்லில் 19-ஆம் கால். அதில் ரெசிஸ்டரோடு ஒரு சிறு விளக்கை இணைத்து மின்சாரம் கொடுத்தால், விளக்கு மினுக்கத் தொடங்கும். கம்ப்யூட்டர் இல்லை, நீலப் பலகை இல்லை. உதிரிகள் எல்லாமே ஒரு தீப்பெட்டியில் அடங்கும்.

கிறிஸ்டல் எதற்கு என்று கேட்கலாம். சில்லுக்கு அதுதான் தாளம். தாளம் மாறினால் பாட்டு மாறிவிடும் என்பதை என் வகுப்பு மாணவி ஒருத்தி நன்றாகக் கண்டுகொண்டாள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய புதிய சில்லில், விநாடிக்கு ஒருமுறை மினுக்கும் நிரலை நேராக எழுதினாள். விளக்கு எரியவே தொடங்கியது, அணையக் காணோம். "சார், நிரல் நின்றுவிட்டது" என்றாள். சற்றுப் பொறுக்கச் சொன்னேன். அணைந்தது, வெகுநேரம் சென்று மீண்டும் எரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தவள், "பதினாறு விநாடி!" என்று கூவினாள். காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். புதிய சில்லு தன்னுள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் தாளத்தையும் எட்டால் வகுத்துக்கொண்டு 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி தொழிற்சாலையில் அமைக்கப்பட்டிருக்கிறது. நிரலோ 16 மெகாஹெர்ட்ஸ் என்று நம்பி எழுதப்பட்டது. பலகையில் மட்டுமே வேலை செய்து பழகியவர்களுக்கு இந்தப் பதினாறின் ரகசியம் ஒருநாளும் தெரியவராது.

எந்தத் தாளம் என்பதைத் தீர்மானிப்பவை ஃப்யூஸ் என்னும் சில அமைப்புகள். இவை மின்சாரப் பெட்டியில் எரிந்து போகும் ஃப்யூஸ் அல்ல, மாற்றி எழுதக்கூடியவை. ஆயினும் இவற்றில் கைவைக்குமுன் இருமுறை யோசிப்பது நல்லது. வெளியே கிறிஸ்டல் இல்லாதபோது "கிறிஸ்டலைக் கேள்" என்று எழுதிவிட்டால் சில்லு செத்தது போல் கிடக்கும். கிறிஸ்டலை இணைத்தால் உயிர் வரும். ரீசெட் காலை வேறு வேலைக்கு மாற்றிவிட்டாலோ, சாதாரண எழுதுகருவிக்குக் கதவு அடைபட்டுவிடும். பிறகு 12 வோல்ட் கொடுத்து எழுதும் விசேஷக் கருவியைத் தேடிப் போகவேண்டும்.

தனிச் சில்லின் பெரிய லாபம் மின்சாரச் செட்டு. பலகையில் மற்றச் சில்லுகளும் விளக்குகளும் ஓயாமல் மின்சாரம் குடிக்கின்றன. பாட்டரியில் ஓட்டினால் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். தனிச் சில்லை ஆழ்ந்த தூக்கத்தில் வைத்தால் அது கேட்பது 0.1 மைக்ரோ ஆம்பியர் அளவே என்று அதன் குறிப்பேடு கூறுகிறது. இரண்டு பென் டார்ச் செல்களிலேயே மாதக்கணக்கில் வேலை வாங்கலாம். ஆனால் 3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் தாளம் ஒத்துக்கொள்ளாது. 8 மெகாஹெர்ட்ஸ் உள் தாளமே உசிதம். அப்போது கிறிஸ்டலும் மிச்சம்.

இவ்வளவும் சொன்ன பின், "சில்லு அந்நியச் சரக்குத்தானே?" என்று நேயர் கேட்பது நியாயமே. கைராட்டையை வீட்டுத் திண்ணையில் பிரித்துப் பார்த்துப் பூட்டத் தெரிந்துகொண்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். சில்லிலும் அந்த முயற்சி நடந்து வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரில் புராசஸர்களை வகுத்து வருகிறார்கள். அந்த வகையில் முதலில் வந்த சில்லுகளுள் ஒன்று சண்டிகரிலுள்ள செமிகண்டக்டர் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டது. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் என்னும் சில்லும் சண்டிகரிலேயே தயாராகி, 2025-ல் வெற்றிகரமாக இயங்கியது. திருவனந்தபுரத்து சி-டாக் நிலையத்தார் வகுத்த தேஜஸ் 32 என்ற மைக்ரோ கண்ட்ரோலர், ஏரீஸ் என்னும் பலகையில் மாணவர்களுக்குக் கிடைக்கிறது. அர்டுயினோ மென்பொருளிலிருந்தே அதற்கும் நிரல் ஏற்றலாம். அதன் ஓட்டம் 100 மெகாஹெர்ட்ஸ். பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியிலும் ஒன்றிரண்டு சேர்த்து வாங்கினால் என்ன என்பது என் அபிப்பிராயம். எனினும் சாக்கெட்டிலிருந்து கழற்றி, உள்ளங்கையில் வைத்து, கால்களை எண்ணிப் பழகுவதற்கு இன்றைக்கும் அந்த 28 கால் பூச்சியே வசதி.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கும். தனியே விட்ட சில்லில் நிரல் எத்தனை காலம் அழியாமல் நிற்கும்? 85 டிகிரி உஷ்ணத்தில் 20 வருஷம், 25 டிகிரியில் 100 வருஷம் என்று குறிப்பேட்டில் கண்டிருக்கிறது. வேலூர் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் சில்லுக்கு, இவ்விரண்டுக்கும் நடுவே எங்கேயாவது ஓர் ஆயுசு வைத்துக்கொள்ளலாம்.