கீரைக் கட்டும் பெட்ரோல் கணக்கும்

யூரியாவை விட்டோம், பூச்சிக்கொல்லியை விட்டோம். பஞ்சகவ்யாவும் அமுதக்கரைசலும் தோட்டத்திலேயே தயார் செய்கிறோம். ஆனால் விளைந்ததை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன செலவாகிறது என்று நம்மில் எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்? முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேடு பார்த்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. தோட்டத்துக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து மதுராந்தகம் 9 கிலோமீட்டர். போய்வர 18. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு 0.4 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 40 ரூபாய். கட்டு 20 ரூபாய் என்று பத்துக் கட்டு கீரை விற்றால் கைக்கு வருவது 200. அதில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் பங்க்குக்கே போகிறது. "இத்தனூண்டு சரக்குக்கு யாரு சார் அலையறது?" என்று பலர் வியாபாரியிடமே போட்டுவிடுகிறார்கள். நேரடி விற்பனை நின்றுபோக இந்த 40 ரூபாயும் ஒரு காரணம்.

மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் ஓடும். அதே 18 கிலோமீட்டருக்கு முக்கால் யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 6 ரூபாய்தான். தினமும் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இதோடு கணக்கை மூடிவிடக் கூடாது. தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. சில வருடம் கழித்து பேட்டரி மாற்றப் பல ஆயிரம் வேண்டும். மிச்சமான ஆயிரத்தில் 500 ரூபாயை அதற்கென்று தனியாகப் போட்டு வையுங்கள். மீதி 500தான் உண்மையான லாபம். ஒரு லட்ச ரூபாயை 10 சதவீத வட்டிக்கு வாங்கினால் முதல் மாத வட்டியே 800 ரூபாயைத் தாண்டும். ஆகவே, நன்றாக ஓடும் பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டுக் கடனில் மாறாதீர்கள். எப்படியும் புது வண்டி வாங்க வேண்டிய நேரம் வரும்போது மாறுங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்றால் சைக்கிளை மிஞ்ச ஒன்றுமில்லை.

"கரண்டும் நிலக்கரியில வர்றதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. நம் நாட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. அப்படிப் பார்த்தால் 18 கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 0.9 கிலோ, மின்சாரத்தில் 0.5 கிலோ. வீட்டுக் கூரையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். வண்டிக்கு ஒரு யூனிட் போக மீதி வீட்டுக்கு.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை:

* ஈய அமில பேட்டரி விலை குறைவு. எடை அதிகம், ஆயுள் குறைவு. லித்தியத்தில் எல்.எஃப்.பி. வகை வெயிலை நன்றாகத் தாங்கும்.
* மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. ஆனால் பாரம் ஏற்றினால் திணறும்.
* கம்பெனி சொல்லும் தூரத்தில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள்.
* வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள். நிழலில் சூடு ஆறட்டும்.
* பம்புசெட்டு இலவச இணைப்பில் சார்ஜ் போடக் கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே, பிடிபட்டால் அபராதம்.
* பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். 2022 விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஈயமும் அமிலமும் நம் மண்ணில் இறங்கினால் இயற்கை விவசாயம் செய்து என்ன பயன்?

தனியாக வாங்க முடியாதவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சரக்கு ஏற்றும் மின்சார மூன்று சக்கர வண்டி வாங்கலாம். ஒருவர் கீரை, ஒருவர் காய், இன்னொருவர் மரச்செக்கு எண்ணெய் என்று ஒரே நடையில் போய்விடும். முறை வைத்து ஓட்டிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். இந்த மாதம் முழுக்க வண்டி ஓடிய தூரத்தையும் பெட்ரோலுக்குக் கொடுத்த பணத்தையும் தினமும் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். உங்களுக்கு மின்சார வண்டி வேண்டுமா, சைக்கிளே போதுமா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.