‘இதுக்கு மட்டும்தான்’னு அரசாங்கம் சொன்னா...



இந்த வார எபிசோடில் சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் கதையை ரெண்டே நிமிஷத்துல ஓட்டிட்டோம். ஆனால் ஓர் அரசாங்கம் நம்ம வாழ்க்கைக்குள்ள எதுவரைக்கும் வரலாம் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

2020 மார்ச் 20 அன்று, கோவிட் பரவிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூர் அரசு டிரேஸ்டுகெதர் ஆப்பை வெளியிட்டது. ரெண்டு பேர் கிட்டகிட்ட இருந்தா, அவங்க போன்கள் புளூடூத் வழியா ஆளுக்கொரு தற்காலிக எண்ணைப் பரிமாறிக்கொள்ளும். ஜிபிஎஸ் கிடையாது. நீங்க எங்க இருந்தீங்கன்னு அதுக்குத் தெரியாது, யார் பக்கத்துல இருந்தீங்கன்னு மட்டும்தான் பதிவாகும். அந்தப் பதிவு உங்கள் போனிலேயே சில வாரம் கிடந்து அழிந்துவிடும். தொற்று வந்தால் மட்டும் சுகாதார அமைச்சுக்கு அனுப்ப வேண்டும். அந்த எண் யாருடையது என்று கண்டுபிடிக்கும் சாவி அமைச்சின் கையில் இருந்தது. இந்தக் கடைசி வரியை மனசுல வச்சுக்கோங்க, திரும்பி வருவேன்.

தொற்றுத் தொடர்பைக் கண்டுபிடிக்க மட்டும்தான் இந்த டேட்டா என்று அரசு சொன்னது. போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றும் சொன்னது. எல்லோருக்கும் அப்படி இல்லை. விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2020 ஜூனிலேயே அது கட்டாயமாகிவிட்டது. அவங்கள்ல நிறைய பேர் தமிழ்நாட்டிலிருந்து போனவங்க. மற்றவர்களுக்கும் 2021 மே மாதத்துக்குப் பிறகு, மால் வாசலில் ஆப்போ அதே வேலையைச் செய்யும் டோக்கனோ இல்லாமல் உள்ளே போவது சிரமமாக இருந்தது.

2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதில் சொன்னார்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்ற விசாரணைக்காகப் போலீஸ் எந்தத் தகவலையும் கேட்டுப் பெறலாம், டிரேஸ்டுகெதர் டேட்டாவும் அதில் அடக்கம். அப்போது கிட்டத்தட்ட 78 சதவீத மக்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தான் முன்பு உறுதி சொன்னபோது அந்தச் சட்டம் தன் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

அவர் பொய் சொன்னார்னு நான் நினைக்கல. பொய்யா இருந்தா கதை சுலபம், கெட்ட ஆளை மாத்திட்டா முடிஞ்சுது. இங்கே சொன்னவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த வாக்குறுதிக்குப் பலமே இல்லை. போலீஸின் பொது அதிகாரம் ஏற்கனவே சட்டப் புத்தகத்தில் இருந்தது. அமைச்சரின் வார்த்தை அதை ரத்து செய்யாது.

எதிர்வாதமும் லேசானதல்ல. ஒரு கொலை நடந்திருக்கிறது. கொலையாளியைக் காட்டக்கூடிய டேட்டா அரசின் கையிலேயே இருக்கிறது. இறந்தவரின் அம்மாவிடம் போய் ‘அது வேற காரியத்துக்காக எடுத்தது, தொடமாட்டோம்’ என்று எப்படிச் சொல்வது? எனக்கும் இதற்குச் சட்டென்று பதில் வராது. ஆனா இந்த வாதம் ஒரு டேட்டாவோட நிக்காது. நாளைக்கு மருத்துவப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு, பஸ் கார்டு, எல்லாத்துக்கும் இதே அம்மா வந்து நிப்பாங்க. இன்னொன்று: போலீஸ் பார்க்கும் என்று தெரிந்தால் சிலர் டோக்கனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அப்போ தொற்றைத் தடுக்கிற வேலையே கெடும். சிங்கப்பூரில் ஒரு கொலை விசாரணையில் போலீஸ் இந்த டேட்டாவைத் தேடியது. சந்தேக நபரின் போனில் ஆப்பே இல்லை.

2021 பிப்ரவரியில் அவசரமாக ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே டேட்டாவைப் பயன்படுத்தலாம், மீறினால் 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. முன்பைவிட நல்லதுதான். ஆனால் ‘மட்டும்தான்’ என்பது ‘மட்டும்தான், கூடவே இந்த ஏழும்’ என்றாகிவிட்டது.

ஆஸ்திரேலியா முதல்லயே உஷாரா இருந்தது. கோவிட்சேஃப் ஆப்பின் டேட்டாவை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் 5 ஆண்டு வரை சிறை என்று 2020 மே மாதமே கூட்டாட்சி அரசு சட்டம் போட்டது. அந்தச் சட்டம் காத்தது அந்த ஒரு ஆப்பைத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கடை வாசலில் ஸ்கேன் செய்யும் சேஃப்டபிள்யூஏ என்ற தனி மாநில ஆப் இருந்தது. அதன் டேட்டாவைப் போலீஸ் கொலை விசாரணைக்கு எடுத்தது. மாநில அரசு கேட்டுக்கொண்டும் போலீஸ் நிறுத்தச் சம்மதிக்கவில்லை, ஏன்னா சட்டம் அதைத் தடுக்கல. 2021 ஜூனில் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் மூட முடிந்தது.

இப்போ அந்தச் சாவிக்கு வருவோம். 2020இல் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து வேறொரு வழியைக் கொடுத்தன. ஜெர்மனியின் கொரோனா ஆப் அதைத்தான் எடுத்துக்கொண்டது, பிரிட்டனும் முதலில் வேறு மாதிரி முயன்றுவிட்டு இதற்கே வந்தது. இதில் எண்களை உங்கள் போனே உருவாக்கும். தொற்று வந்தவர் சம்மதித்தால் அவருடைய எண்களுக்கான சாவிகள் மட்டும் சர்வருக்குப் போகும். மற்ற போன்கள் அவற்றை இறக்கிக்கொண்டு, தனக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்க்கும். யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் சர்வரில் உருவாவதே இல்லை. போலீஸ் வாரண்டோடு வந்தாலும், அமைச்சர் மாறினாலும், சர்வரில் எடுத்துக் கொடுக்க அப்படி ஒன்று கிடையாது.

இதுக்கு விலை இல்லாம இல்ல. யார் வழியாக யாருக்குப் பரவியது என்ற முழுப் படம் சுகாதார ஊழியர்களுக்குக் கிடைக்காது. சிங்கப்பூர் வேண்டுமென்றேதான் மையத்தில் சாவி வைத்தது, மனித உழைப்பால் தொடர்பைத் தேடுபவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. பெருந்தொற்றில் என்னைத் தனிமைப்படுத்த அரசுக்கு உரிமை உண்டு என்று நான் ஏற்கிறேன். நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்ற பட்டியல் அதுக்குத் தேவையில்லை.

‘நமக்கு ஒளிக்க என்ன இருக்கு?’ன்னு வீட்டுல கேப்பாங்க. அடுத்த தடவை கேட்டா, பட்டியல் எங்க இருக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னு திருப்பிக் கேளுங்க. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சோஷியல் மீடியா கணக்கு கிடையாது, அதற்காக வயதைச் சரிபார்க்கிறார்கள். அங்கே இருக்கிறவங்க, உங்ககிட்ட முகம் கேட்டாங்களா, அடையாள அட்டை கேட்டாங்களா, அதை எவ்வளவு நாள் வச்சிருப்போம்னு சொன்னாங்களா என்று இந்த மெயிலுக்குப் பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுறோம்.