நடந்தால் மனம் தேறுமா?

மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி நல்லது என்று சொன்னால் நம்மவர் பலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபமும் வரும். கட்டிலை விட்டு எழும்பவே மனமில்லாதவரிடம் போய் "எழும்பி நடவுங்கோ" என்றால் கோபம் வராதா? ஆனாலும் இது வெறும் பேச்சல்ல.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வுள்ள, 50 வயதும் அதற்கு மேலுமான 156 பேரில் ஒரு பிரிவினருக்கு மருந்து, இன்னொரு பிரிவினருக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, மற்றவர்களுக்கு இரண்டும். 16 வாரங்களில் மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரேயளவு தேறினார்கள். மருந்து எடுத்தவர்களுக்கு மட்டும் தொடக்கத்தில் குணம் சற்று விரைவாகத் தெரிந்தது.

கணக்காளன் என்பதால் எனக்கு உடனே ஒரு கேள்வி எழுந்தது. தானாகவே தேறியிருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? அதே குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் வெற்று மாத்திரைப் பிரிவையும் சேர்த்தார்கள். மேற்பார்வையில் பயிற்சி செய்தோரில் 45 வீதமானோர் நோயிலிருந்து மீண்டார்கள். மருந்தில் 47 வீதம், வெற்று மாத்திரையில் 31 வீதம். அந்த 31ஐயும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. 2024இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் முன்னின்று 218 ஆய்வுகளைத் தொகுத்தபோது நடை, மெல்லோட்டம், யோகா, பளுப் பயிற்சி ஆகியவை நல்ல பலன் தருவதாகக் கண்டார்கள். அந்த ஆய்வுகளில் பல தரத்தில் குறைந்தவை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கவலை நம் வீடுகளில் இருக்கும் பெரியவர்களைப் பற்றியது. ஊரில் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்து திரிந்த அம்மா, இங்கே பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போனபின் நாள் முழுதும் நான்கு சுவருக்குள். கார் ஓடத் தெரியாது, மொழியும் வராது. ஜூன் மாதத்து மெல்பேர்னில் ஐந்து மணி கடந்ததும் இருட்டிவிடும். "மனம் சரியில்லை" என்று அவர் சொல்லமாட்டார். உடம்பு உளைவு, நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்பார். நாமும் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்போம்.

இப்படிப்பட்டவருக்குப் புத்திமதி உதவாது, துணைதான் உதவும். "அம்மா, வாங்கோ, பால் வாங்கிக்கொண்டு வருவம்" என்று கூட்டிப்போங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். மனம் வந்தால் போகலாம் என்று விட்டால் அந்த மனம் வராது, நோயே அதுதானே. பிறகு மெல்ல மெல்ல வாரத்துக்கு 150 நிமிடம் வரை கூட்டலாம். நெஞ்சுவலி, மூச்சு வாங்கல் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும்.

நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. வைத்தியரிடம் ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் நடையெல்லாம் பிறகு. லைஃப்லைன் 13 11 14, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்தென்றால் 000.