உள்ளங்கையில் ஒரு பள்ளிக்கூடம்

பூட்டிய அறையில் உறை போட்டு மூடிய கம்ப்யூட்டரால் மாணவனுக்கு என்ன லாபம்? அதை அவன் கைக்கே கொண்டுவரப் பெங்களூரில் ஒரு முயற்சி நடந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் உருவாக்கிய அந்தக் கையடக்கக் கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். 2001ல் அறிமுகமானது.

கீபோர்டு கிடையாது. திரையைக் குச்சியால் தொட்டால் போதும். எழுத்தை இந்திய மொழிகளில் வாசித்தும் காட்டும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும்.

விலைச் சுமைக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு கருவி வேண்டாம்; ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும். கார்டைச் செருகினால் அவரவர் விவரம் திரையில் வரும். சட்டீஸ்கரில் குழந்தைகளின் படிப்புக்கும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

ஆனால் 2004ல் அமிடா சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலையே சுமார் 10,000 ரூபாய். எதிர்பார்த்த விற்பனை 50,000. 2005க்குள் விற்றதோ ஏறக்குறைய 4,000தான்.

அடுத்து 2011ல் மத்திய அரசின் ஆகாஷ் டேப்லட் வந்தது. முதல் குறி கல்லூரி மாணவர்கள். அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். இந்த முறை விலை இடறவில்லை, கருவி இடறியது. திரை மந்தம், பேட்டரி நிற்கவில்லை என்று புகார்கள் கிளம்பின. 2012ல் ஆகாஷ் 2 வெளியிட வேண்டியதாயிற்று.

விலை ஏறினால் பள்ளிக்கு எட்டாது. தரம் இறங்கினால் வகுப்பில் நிலைக்காது. இந்த இழுபறியில், ஒன்றைப் பலர் பகிரும் பெங்களூர் யோசனை இன்றும் பழசாகவில்லை. 40 பேர் வகுப்புக்கு நாலு கருவி இருந்தாலும் பாடம் நடத்தலாம். நடத்தத் தெரிந்த ஆசிரியர் இருந்தால்.